மாமாவின் லோரி 70 கிலோமீட்டர் வேகத்தில் ஏன் ஆடியது

போன மாதம் ஒரே லோரி ஒரே புகாரோடு மூன்று முறை என் கடை வாசலில் வந்து நின்றது. மூன்றாவது முறை மாமா இறங்கி வந்தவர் ஒன்றும் பேசவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்து மரத்துப்போன இரண்டு கைகளையும் உதறிக்கொண்டே நின்றார். பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. முதல் இரண்டு முறையும் நான் காசு வாங்கியிருந்தேன்.

எங்கள் டயர் கடை தெலுக் இந்தானிலிருந்து பீடோர் போகும் சாலையில் இருக்கிறது. அப்பா தோட்டத்தில் லோரி ஓட்டியவர். தோட்டத்தை விட்டு வெளியே வந்ததும் ஒட்டுப்போடும் சின்னக் கடையாக இதை ஆரம்பித்தார். இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் செம்பனைக் குலை ஏற்றுகிறவை. வெட்டின குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்விட வேண்டும், தாமதமானால் எண்ணெயில் கொழுப்பமிலம் கூடித் தரம் இறங்கிவிடும். அதனால் இந்த லோரிக்காரர்கள் யாரும் வண்டியை நிறுத்திப்போட விரும்ப மாட்டார்கள். ஆடினாலும் ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். ஆடுகிற லோரியை ஓட்டுவது கைவலியோடு போகிற விஷயம் இல்லை. டயர் பள்ளம் பள்ளமாகத் தேயும், சக்கர பேரிங் சீக்கிரம் போகும், நட்டு தளரும். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதல் முறை வந்தபோது மாமா சொன்னது இவ்வளவுதான்: "ஆடுதும்மா, பேலன்ஸ் பாத்துக் குடு." சரி என்று முன் சக்கரம் இரண்டையும் கழற்றினோம். இடது பக்க ரிம்மின் உள்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் களிமண் அப்பியிருந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்கள் நிறைய தாழ்வான நிலத்தில், கால்வாய்க் கரையை ஒட்டித்தான் இருக்கின்றன. அந்தச் சாம்பல் நிறக் களிமண் ஈரமாக ஒட்டிக்கொண்டு, வெயிலில் காய்ந்தால் சிமெண்ட் மாதிரி ஆகிவிடும். தம்பி உளியால் தட்டி எடுத்தான். தராசில் வைத்துப் பார்த்தேன், 200 கிராமுக்குக் கொஞ்சம் மேல்.

200 கிராம் என்றால் ஒரு கைப்பிடி மண்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். லோரிகளுக்குப் போடுகிற 11ஆர்22.5 அளவு டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 3.2 மீட்டர் உருளும். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது விநாடிக்கு 7 முறை சுற்றுகிறது. ரிம்முக்குள் ஒட்டியிருக்கிற 200 கிராம் மண் அந்த வேகத்தில் சுமார் 10 கிலோ விசையோடு வெளியே இழுக்கும். விநாடிக்கு 7 தடவை மேலும் கீழும் அந்த 10 கிலோ. 40 கிலோமீட்டர் வேகத்தில் இது கால் பங்காகக் குறைந்துவிடும், ஏனென்றால் வேகம் பாதியானால் விசை கால்வாசி ஆகும். அதனால்தான் தோட்டத்துக்குள் மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாத வண்டி, பெரிய சாலைக்கு வந்ததும் உதறுகிறது.

மண்ணை எடுத்தோம், சக்கரத்தை மிஷினில் சுற்றிப் பேலன்ஸ் பார்த்தோம், எடை குறைவு என்று மிஷின் காட்டிய இடத்தில் ஈயக்கட்டி வைத்தோம். காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்து அனுப்பினேன்.

நான்கு நாளில் திரும்பி வந்தார். இடது முன் சக்கரத்தை மறுபடி மிஷினில் ஏற்றினேன். நான் ஈயம் வைத்த இடத்துக்குக் கிட்டத்தட்ட எதிர்ப்பக்கத்தில் எடை கேட்டது மிஷின். முதல் தடவை சக்கரத்தைச் சரியாக நடுவில் பூட்டாமல் விட்டிருப்போம் என்று நினைத்து, பழைய ஈயத்தைக் கழற்றிவிட்டுப் புது இடத்தில் வைத்தேன். இதுதான் நான் செய்த தவறு. நான்கு நாள் இடைவெளியில் ஒரே சக்கரம் வேறு கணக்கு சொன்னால், அங்கேயே நின்று ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

மூன்றாவது முறை மிஷின் பக்கமே போகவில்லை. மாமாவை உட்கார வைத்து, பக்கத்துக் கடையிலிருந்து தே தாரிக் வாங்கிக்கொடுத்துக் கேட்க ஆரம்பித்தேன். எந்த வேகத்தில் ஆரம்பிக்கிறது? எந்த வேகத்தில் நிற்கிறது? கையில் தெரிகிறதா, சீட்டில் தெரிகிறதா? பிரேக் அழுத்தினால் கூடுகிறதா? ஏற்றத்தில் எண்ணெய் (ஆக்சிலரேட்டர்) மிதிக்கும்போது ஒரு மாதிரியும், காலை எடுத்தால் வேறு மாதிரியும் இருக்கிறதா? பாரத்தோடு ஆடுகிறதா, வெறும் வண்டியிலா? காலையில் முதலில் ஆடி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனதும் சரியாகிறதா?

கடைசிக் கேள்வி எதற்கென்றால், பாரத்தோடு இரவெல்லாம் நின்ற லோரியின் டயர், தரையைத் தொட்ட இடத்தில் கொஞ்சம் தட்டையாகிவிடும். தீபாவளிக்கு ஒரு வாரம் நிறுத்திப்போட்ட வண்டி முதல் நாள் உதறிக்கொண்டு வரும். டயர் சூடானதும் தானாகச் சரியாகிவிடும், அதற்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. சக்கரம் பூட்டி இழுபட்டுத் தேய்ந்த தட்டை வேறு, அது போகாது.

மாமா யோசித்து யோசித்துச் சொன்னார். 65-ல் ஆரம்பிக்கும், 75 தாண்டினால் குறையும். கையில்தான், சீட்டில் இல்லை. பிரேக்குக்கு மாற்றமில்லை. எண்ணெய் மிதித்தாலும் விட்டாலும் ஒன்றுதான். அப்புறம் ஒன்று சொன்னார்: "தெனமும் ஒரே மாதிரி இல்லம்மா. ஒரு நாள் கம்மியா இருக்கு, ஒரு நாள் ஒதறித் தள்ளுது."

அந்தக் கடைசி வார்த்தையை நான் முதல் நாளே கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

வெறும் வண்டியில் அவரோடு ஏறி லங்காப் வரை போய் வந்தேன். என் கைப்பேசியில் அதிர்வு அளக்கும் ஒரு செயலி இருக்கிறது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் டேஷ்போர்டு மேடையில் வைத்துப் பிடித்துக்கொண்டால் விநாடிக்கு எத்தனை அதிர்வு என்று காட்டும். 70-ல் 6 காட்டியது. 70 கிலோமீட்டரில் சக்கரமும் விநாடிக்கு 6 தடவைதான் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஓர் ஆட்டம் என்றால் சக்கரம், டயர், ரிம், சக்கரத்தை மாட்டுகிற ஹப், பிரேக் டிரம் இவற்றில்தான் ஏதோ இருக்கிறது. இந்த ஒரு எண் கையில் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இந்த இடத்தில் வேறொரு லோரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன வருடம் மணல் ஏற்றுகிற ஒரு வண்டி வந்தது. 60 தாண்டினால் தரையெல்லாம் ரீங்காரம். யாரோ சொன்னதைக் கேட்டு அந்த ஓட்டுநர் அதற்குள் இரண்டு புது டயர் வாங்கிப் போட்டிருந்தார். உட்கார்ந்து பார்த்தேன். கையில் ஒன்றுமில்லை, சீட்டுக்கு அடியில்தான் குறுகுறுவென்று இருந்தது. எண்ணெய் மிதித்தால் கூடியது, காலை எடுத்தால் அடங்கியது. டயரின் ஆட்டம் குலுக்கலாக இருக்கும், எண்ணுகிற மாதிரி இருக்கும். இது எண்ண முடியாத வேகத்தில் இருந்தது. பின் ஆக்ஸிலில் பல் விகிதம் 6 என்றால் சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகிற புரொப்பலர் ஷாஃப்ட் 6 சுற்று சுற்றும். அதன் முனையில் மடங்கிக் கொடுக்கிற கிராஸ் ஜாயிண்ட் கெட்டாலோ கோணம் தவறினாலோ ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை அதிரும். அதுதான் அந்த ரீங்காரம். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால், கிராஸ் மாற்றிய யாரோ, ஷாஃப்டின் இரண்டு துண்டையும் இணைக்கிற வழுக்குப் பல்லைத் தவறான இடத்தில் கோர்த்திருந்தார்கள். இரண்டு முனையிலும் கிராஸைப் பிடித்திருக்கிற கவை ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஒரு பல் தள்ளிப் போனாலும் ஷாஃப்ட் சீராகச் சுற்றாது. கழற்றும்போதே சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. மெக்கானிக் ஒருவர் சரியாகக் கோர்த்துக் கொடுத்தார், அன்றைக்கே நின்றுவிட்டது. அந்த இரண்டு டயருக்கும் போன பணத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மாமாவின் லோரிக்கு வருவோம்.

முன் ஆக்ஸிலை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் அடியில் கடப்பாரையை விட்டு நெம்பிப் பார்த்தோம். லேசாக ஆட்டம் இருந்தது. உடனே தம்பியை பிரேக் மிதிக்கச் சொன்னேன். ஆட்டம் நின்றுவிட்டது. பிரேக் மிதித்தும் ஆட்டம் இருந்தால், முன் சக்கரம் திரும்புகிற அச்சாணியான கிங் பின் தேய்ந்திருக்கிறது. மிதித்ததும் நின்றால் சக்கர பேரிங்கில் இடைவெளி. அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் சோதனை இதுதான். பேரிங்கைக் கொஞ்சம் இறுக்கிச் சரிசெய்தோம், ஆனால் இவ்வளவு பெரிய உதறலுக்கு அது மட்டும் காரணமாக இருக்க முடியாது.

பிறகு இடது முன் சக்கரத்தைக் கழற்றி, பின்னாலிருந்து நல்ல சக்கரம் ஒன்றை அந்த இடத்தில் போட்டு மாமாவை ஒரு சுற்று ஓட்டச் சொன்னேன். பத்து நிமிடத்தில் வந்து, "இல்லம்மா, சுத்தமா இல்ல" என்றார். அப்படியானால் ஹப்பும் டிரம்மும் நல்லவை. குற்றம் கழற்றி வைத்த சக்கரத்தில்தான். இந்த மாற்றிப் போட்டுப் பார்க்கிற சோதனைக்கு அரை மணி நேரம் ஆகும், ஆனால் எந்த மிஷினும் இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்லாது.

சக்கரத்தை மிஷினில் பூட்டுவதற்கு முன்னால் உருண்டையாக இருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு ஸ்டாண்டில் சுண்ணாம்புக் கட்டியைக் கட்டி, டயர் முகத்துக்கு மயிரிழை தூரத்தில் நிறுத்திச் சக்கரத்தை மெதுவாகச் சுற்றினால், மேடான இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழும். அளவுக்கு டயல் கேஜ் வைத்தேன். ஏற்ற இறக்கம் இரண்டரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் நான் விட்டுவிடுவேன். இருந்தது. டயரின் பக்கச்சுவரில் ரிம்மை ஒட்டி மெல்லிய கோடு ஒன்று வட்டமாக ஓடும். அந்தக் கோட்டுக்கும் ரிம் விளிம்புக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் அகலமாகவும் எதிர்ப்பக்கம் குறுகலாகவும் இருந்தால் டயர் ரிம்மில் சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, விளிம்பைப் பிரித்து, சோப்புக் குழம்பு தடவி மறுபடி உட்கார வைக்க வேண்டும். கோணலாக உட்கார்ந்த டயர், ஈயம் வைத்தால் பேலன்ஸ் மிஷினில் பூஜ்யம் காட்டும், ஆனால் சாலையில் குதிக்கும். இங்கே அந்தக் கோடும் சீராகத்தான் இருந்தது.

அப்புறம்தான் மிஷின். ஒரு முறை சுற்றினேன்: 180 கிராம். கை வைக்காமல் மறுபடி சுற்றினேன்: 90 கிராம், வேறு இடத்தில். மூன்றாவது முறை: 240, இன்னொரு இடத்தில்.

கம்ப்ரஷரை நிறுத்தச் சொன்னேன். வானொலியையும் நிறுத்தினான் தம்பி. சக்கரத்தை இறக்கி, சிமெண்டுத் தரையில் நிமிர்த்தி, காதை டயரோடு ஒட்டி வைத்துக்கொண்டு மெதுவாக உருட்டினோம். அரைச் சுற்று போனதும் உள்ளே சளக் என்று ஒரு சத்தம். இன்னும் கொஞ்சம் உருட்டினால் மறுபடி சளக்.

தண்ணீர்.

காற்றை இறக்கி விளிம்பைப் பிரித்துச் சாய்த்தபோது தேநீர் நிறத்தில் வழிந்தது. பெயிண்ட் டின்னில் பிடித்தோம், அரை லிட்டருக்கும் மேல் இருந்தது. துருவும் ரப்பரும் சேர்ந்த நாற்றம். ரிம்மின் உள்வட்டத்தில் ஆரஞ்சு நிறத்தில் துரு கோடு கோடாகப் படிந்திருந்தது. ஓடும்போது அந்தத் தண்ணீர் நிலையாக ஓரிடத்தில் இருக்காது. குழியிலும் மேட்டிலும் டயர் குதிக்கும்போது ஒரு பக்கமாகச் சேரும், பிறகு பரவும். மாமா சொன்ன "தெனமும் ஒரே மாதிரி இல்ல" என்பது இதுதான்.

அந்தத் தண்ணீர் வேறெங்கிருந்தும் வரவில்லை. என் கம்ப்ரஷர் டேங்கிலிருந்து வந்தது. நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். அதை அழுத்தி டேங்கில் அடைத்தால் ஈரம் தண்ணீராகி அடியில் தேங்கும். தினமும் அடியில் இருக்கிற குழாயைத் திறந்து வடிக்க வேண்டும். அதைச் செய்துகொண்டிருந்த பையன் வேலையை விட்டுப் போன பிறகு, அந்த வேலையை யாரிடமும் நான் ஒப்படைக்கவில்லை. மூன்று மாதத்துக்கு முன் மாமாவின் அந்த டயரை மாட்டியதும் எங்கள் கடையில்தான். டயரில் தண்ணீரைக் கண்ட அன்று டேங்கைத் திறந்தபோது வாளி நிறைய வந்தது. மாமாவிடம் நடந்ததை அப்படியே சொல்லி, முதல் இரண்டு முறைக்கு வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றார், சட்டைப் பையில் வைத்துவிட்டேன். இப்போது டேங்கில் தானாக வடிக்கிற வால்வு போட்டிருக்கிறேன், குழாயில் ஈரம் பிடிக்கிற வடிகட்டியும் போட்டாயிற்று. அதற்கு மேலும் தினமும் காலையில் கடை திறந்ததும் நானே குனிந்து ஒரு முறை திறந்து பார்க்கிறேன்.

ரிம்மைக் கம்பித் தூரிகையால் துருபோகத் தேய்த்து, டயருக்குள் துணியால் ஒற்றி, விசிறி வைத்துக் காயவிட்டு மாட்டினோம். இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடித்தோம், 120 பிஎஸ்ஐ. கூண்டு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பழைய லோரிகளில் வளையம் பூட்டின ரிம் இன்னும் வருகிறது. வளையம் சரியாக உட்காராமல் தெறித்தால் ஆளையே கொன்றுவிடும். அவசரம் என்று சொல்லி வாசலிலேயே காற்றடிக்கச் சொல்கிறவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

மறுபடி மிஷினில் மூன்று முறை சுற்றினேன். மூன்று முறையும் 60 கிராம், மூன்று முறையும் அதே இடம். ஒரே ஒரு ஈயக்கட்டி. 400 கிராமுக்கு மேல் கேட்டால் நான் ஈயம் வைப்பதில்லை, காரணத்தைத் தேடத் தொடங்குவேன். இது என் கடை வழக்கம்.

ஹப்பில் மாட்டும் முன் ஹப் முகத்தையும் ரிம் முகத்தையும் தூரிகையால் சுத்தம் செய்தோம். ஒரு துண்டுத் துருவோ தடித்த பெயிண்டோ நடுவில் மாட்டிக்கொண்டாலும் சக்கரம் கோணலாக உட்காரும், நட்டும் சீக்கிரம் தளரும். மாமாவின் லோரியில் 10 போல்ட். நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் ஏற்றிவிட்டு அப்படியே விடாமல், குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி வந்து இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்சில் 600 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினோம். இரட்டை நட்டு போட்ட பழைய ஜப்பான் லோரி என்றால் இன்னும் கவனம் வேண்டும். அதில் பின் ஜோடிச் சக்கரத்தின் உள் சக்கரத்தைப் பிடிக்கிற உள் நட்டை இறுக்க வேண்டுமானால் வெளி நட்டைத் தளர்த்தியாக வேண்டும். வெளி நட்டை மட்டும் இறுக்கிவிட்டு உள் சக்கரம் தளர்ந்தபடி ஓடிய வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். போல்ட் துளையிலிருந்து துரு நிறத்தில் ஒழுகின கோடு தெரிந்தால் அந்த வண்டியை அப்படியே சாலைக்கு விடக்கூடாது.

வெள்ளிக்கிழமை மாமா பீடோர் வரை போய், நிறுத்திவிட்டு அழைத்தார். 70-ல் போகும்போது மேடையில் வைத்த தண்ணீர்ப் போத்தல் அசையவில்லை என்றார். நான் சந்தோஷத்தில் இரண்டு நொடி பேசாமல் இருந்துவிட்டு, திரும்பி வரும்போது கட்டாயம் கடையில் நிறுத்தச் சொன்னேன். சக்கரம் மாட்டி 50-லிருந்து 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தார். பத்து நட்டில் இரண்டு, கால் சுற்றுக்கும் குறைவாக நகர்ந்தன. இறுக்கிவிட்டு அனுப்பினேன்.